நாலு மணிக்குள் ஒரு கையெழுத்து

மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த போனை வைத்ததும் விஜயகுமாரி கடிகாரத்தைப் பார்த்தாள். இறந்துபோன தோழர் தேவசகாயத்தின் உடல்தானப் படிவத்தில் ரத்த உறவின் கையெழுத்து இல்லையாம். கையெழுத்தோடு நாலு மணிக்குள் வந்தால் உடலை எடுத்துக்கொள்வார்கள். மணி இரண்டே கால். முட்டுக்காட்டிலிருந்து செங்கல்பட்டு போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தப்பு அவளுடையதுதான். சாமி இல்லை என்கிற மனிதநேயர் மன்றத்துக்கு முப்பது வருடமாகத் தலைவி. சாமி கும்பிடுகிற சொந்தக்காரன் காலை வாரிவிடுவான் என்று, சாட்சிக்கு மன்றத்து ஆட்களையே போடச் சொன்னவள். அதைப் பெரிய சாமர்த்தியமாக மேடையில் வேறு பீற்றிக்கொண்டாள். இதுவரை இறந்தவர்களுக்குப் பிள்ளைகள் வந்து எழுதிக் கொடுத்ததால் ஓட்டை தெரியவில்லை. தேவசகாயத்துக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. இருப்பது ஒரே அக்கா மார்கரெட். வேளை தவறாமல் ஜெபம் செய்கிறவள்.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மார்கரெட்டிடம் விஜயகுமாரி படிவத்தை நீட்டினாள்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து வேணும். அவரோட ஆசை."

"எனக்குத் தெரியாதா? அம்மா கல்லறை பக்கத்துல அவனுக்கு எடம் வச்சிக்கினு கீறேன். இவன் இன்னாடான்னா டாக்டருக்குப் படிக்கிற பசங்களுக்குன்னு எழுதி வச்சிட்டான்." மார்கரெட் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போடறேன். அதுக்கு முன்னால பத்து நிமிசம் ஜெபம். கண்ணாடிய வூட்லயே வச்சிட்டு வந்துட்டேன். இந்த ஜெபப் புத்தகத்த நீதான் படிக்கணும் விஜயா."

மன்றத்தின் செயலாளர் கலையரசன் குறுக்கே வந்தான். "அதெல்லாம் ஆவாது விஜயாக்கா. மன்றத்து சாவுல ஜெபம் கெடையாது. நீங்க எழுதின விதிதான். படிச்சீங்கன்னா நான் இன்னியோட வெலகிக்கிறேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. கோயிலுக்குத் தினமும் கழுகு வருவது அதிசயமா என்று திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் போட்டு நெற்றியில் கல்லடி வாங்கியவள் அவள். பெற்ற தாயின் சாவில் மந்திரம் சொல்ல ஆரம்பித்ததும் வெளியேறித் தெருவில் போய் நின்றவள்.

மணி இரண்டு இருபத்தெட்டு. ஆம்புலன்ஸ்காரர் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் தேவசகாயத்தின் சட்டைப்பையில் மன்றத்துப் பேனா அப்படியே செருகியிருந்தது.

"எந்தப் பக்கம்க்கா?" என்றாள் விஜயகுமாரி.

கலையரசன் வெளியேறித் தெருவில் போய் நின்றான். ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. அது அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. மேடையில் பேசுகிற அதே குரலில் மூன்று பக்கம் படித்தாள்.

"ஆமென் சொல்லலியே நீ?"

"அது எனக்கு வராதுக்கா. நீங்க சொல்லுங்க."

மார்கரெட் புத்தகத்தை வாங்கி மூடினாள். "சரி, வராதத சொல்ல வேணாம்," என்று, தான் மட்டும் ஆமென் சொல்லிவிட்டு பேனாவை வாங்கினாள். விஜயகுமாரி விரலை வைத்துக் காட்டிய கோட்டில், கண்ணை இடுக்கிக்கொண்டு மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள்.

பெட்டியிலிருந்து உடலைத் தூக்க ஆள் போதவில்லை. தெருவிலிருந்து கலையரசன் வந்து கால்மாட்டில் பிடித்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கல்லூரியில் உடலை ஏற்றுக்கொண்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில்தான் விஜயகுமாரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தேவசகாயத்துக்காகத்தான் முதலில் அழுதாள். பிறகு, பத்து நிமிடம்கூடப் பக்கத்தில் நிற்காமல் விட்டுவிட்டு வந்த அம்மாவுக்காக அழுதாள்.