கட்டைக்குரலனுக்கு வந்த மவுசு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. என் தங்கை போனில் அழுதுகொண்டே சொன்னது. "உன்கிட்ட சொல்றேன்னு கதை கிதை எழுதிடாத அண்ணா" என்றும் சொன்னாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: பொன்னொளி படர்ந்த கூண்டுகளில் பறவைகள்...

(வேண்டாம். அது தகரக் கூரை போட்ட அறை. எச்ச நாற்றம் மூக்கைத் துளைக்கும்.)

இரண்டாவது: குருவி ஆராய்ச்சிக்காரியான என் தங்கைக்கு மூன்று வருடமாக ஒரே கேள்வி. பெண்குருவி எதை வைத்து ஜோடி சேர்கிறது? பாட்டை வைத்துத்தான் என்பது அவள் கட்சி. நன்றாகப் பாடும் ஆண்களுக்குக் காலில் சிவப்பு வளையம் மாட்டினாள், சுமாராகப் பாடுகிறவற்றுக்குப் பச்சை. தூரத்திலிருந்து எண்ணச் சுலபம் பாருங்கள். சிவப்பு வளையக்காரர்களைத் தேடிப் பெண்கள் வந்தன. இவளும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினாள்.

3

போன மாதம் கட்டைக்குரலன் என்கிற ஆண்குருவியின் பச்சை வளையம் உடைந்துபோனது. (அவன் பாடினால் கதவுக்கு எண்ணெய் போடத் தோன்றும்.) பச்சை கைவசம் இல்லை. அவசரத்துக்குச் சிவப்பை மாட்டினாள். ஒரே வாரத்தில் பயலுக்காக மூன்று பெண்கள் அடித்துக்கொண்டன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவை மயங்கியது வளையத்துக்கு. பாட்டாவது மண்ணாவது.

4

[இங்கே அவள் கணவரை வில்லனாக்கப் பார்த்தேன். மனுஷன் இடம் கொடுக்கவில்லை.]

"ஒரு குருவிதானே? அதை மட்டும் விட்டுட்டு எழுதிடேன். மூணு வருஷமா நானும் பாப்பாவும்..." என்றவர், குழந்தைக்குத் தலைவாரப் போய்விட்டார்.

"விட்டுட்டாலும் எனக்குத் தெரியுமே" என்றாள் இவள், சீப்பை எடுத்துக் கொடுத்தபடி.

ஆய்வேட்டைக் கொடுக்க நாளைதான் கடைசி நாள். மறைத்தால் பட்டம். சொன்னால் முதலிலிருந்து மூன்று வருடம்.

5

முடிவு ஒன்று: மறைத்துவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே அவளைப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறாள். பேராசிரியர் கண்கலங்கி, அவள் நேர்மையை மெச்சி... (நடக்கிற காரியமா? அவர் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.)

நாளைக் காலை பத்து மணிக்கு அவர் அறை வாசலில் நிற்பாள். அதற்குமுன் எனக்குப் போன் வரும். "அண்ணா, நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குத் தெரியவில்லை. பயமாகவும் இருக்கிறது. அதனால் உங்களையே கேட்கிறேன்: நீங்களாக இருந்தால்?

கூண்டுக்கு வெளியே தங்கை உட்காருவதுபோல, நோட்டும் பேனாவுமாகச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன். நான் பார்ப்பதாகவே நினைக்காதீர்கள். இயல்பாக இருங்கள்.