பாபிர்யே போன் செய்யாத காலை

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பாபிர்யே அடையாள அட்டையைக் கழற்றி மேலாளரின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கம்பாலாவின் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஏழு வருடம், அடுத்தவர்கள் கேட்ட மென்பொருளையே எழுதிக் கொடுத்தவள். கால் தரையில் பாவவில்லை. பைக் டாக்சிக்காரன், “எங்கம்மா போகணும்?” என்றான். “எங்க வேணாலும்!” என்று சிரித்துவிட்டு, அப்புறம்தான் வீடு இருக்கும் புகோட்டோவைச் சொன்னாள்.

ஆறு மாதத்துக்குக் கையில் சேமிப்பு இருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் வீட்டுச் சுவரில் பதினோரு தாள்களை ஒட்டினாள். சொந்தமாக எழுதப்போகும் மென்பொருளுக்கு, தாளுக்கு ஒரு யோசனை. கீழே முடி பின்னும் கடை வைத்திருக்கும் அவளுடைய இரட்டைச் சகோதரி நகாட்டோ, முட்டை சுருட்டிய சப்பாத்தியைக் கடித்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

“இதுல எதுடி உன் செல்லம்?”

“இதான். கடைக்குப் போகாமலே, கோமேசி உடுப்பு கட்டினா எப்படி இருப்போம்னு போன்லயே பாத்துக்கலாம்.”

“யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. ஆனா பாத்தா விடவே மாட்டாங்க.”

“மூணு மாசம் உக்காந்து எழுதிட்டு, அப்புறம் என் மடியில விழுந்து அழப்போற. அரைகுறையா இருந்தாலும் இந்த வாரமே காட்டு.”

இரண்டே நாளில் ஒப்பேற்றிக் கொண்டுபோனாள். கடைக்கு வந்த பன்னிரண்டு பெண்களும் ஆளாளுக்குப் போனைப் பிடுங்கிப் பார்த்துச் சிரித்தார்கள். “ஐயோ, என்ன அழகு!” என்றார்கள். பாபிர்யே அன்று தூங்கவே இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஒருத்திகூட அதை மறுபடி திறக்கவில்லை.

“நல்லாயிருக்குன்னு சொன்னாங்களேடி!”

“அவங்க முடி என் கையில இருந்துச்சு. வேற என்ன சொல்லுவாங்க?”

பாபிர்யேவுக்குச் சுருக்கென்றது. தாளைக் கிழித்தாள். யார் புகழ்கிறார்கள் என்று இனிப் பார்ப்பதில்லை, யார் திரும்பி வருகிறார்கள் என்றுதான் பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

மிச்சத்தில் ஆக அற்பமாகத் தெரிந்தது ஒரு தாள். கடைக்கு வரும் நபுகென்யா அம்மா புறநகரான கீராவில் முந்நூறு கோழிக்குஞ்சு வளர்ப்பவள். தடுப்பு மருந்து கொடுக்கும் நாளை மறந்து நாற்பது குஞ்சுகளை நோய்க்கு வாரிக் கொடுத்தவள். மருந்து நாளை நினைவுபடுத்தும் போன் அழைப்பு, அவ்வளவுதான் யோசனை. இந்த முறை பாபிர்யே ஒரு வரிகூட நிரல் எழுதவில்லை. கோழி வளர்க்கும் ஒன்பது வீடுகளில் குஞ்சு பொரித்த தேதியைக் குறித்துக்கொண்டு, தினமும் காலை ஆறரைக்குத் தானே போன் போட்டாள். “அம்மா, இன்னிக்கு ஏழாம் நாள். குஞ்சுங்களுக்கு இப்போ தண்ணி காட்டாதீங்க, எட்டரைக்குத் தண்ணியில மருந்து கலந்து வைங்க.” மருந்து இல்லாத நாளில், “இன்னிக்கு ஒண்ணும் இல்ல.”

மூன்றாவது வாரம் ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. போன் செத்துக் கிடக்க, எட்டரை மணிக்குத்தான் விழித்தாள். பதறியடித்துக் கீழே ஓடி, கடையின் சோலார் பேட்டரியில் செருகினாள். உயிர் வந்ததும் போன் அதிர ஆரம்பித்தது. பதினான்கு தவறிய அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினைந்தாவது.

“என்ன மகளே, உயிரோட இருக்கியா?” நபுகென்யா அம்மா கத்தினாள். “தண்ணி நிறுத்தி வெச்சுட்டு உக்காந்திருக்கேன். இன்னிக்கு மருந்தா இல்லையா?”

அடுத்தது அவள் கேட்டே இராத ஆண் குரல். “நான் கக்வா. நபுகென்யா வீட்டுக்கு அடுத்த வீடு. அவளுக்கு மட்டும் தினம் போன் வருது, என் கோழி என்ன பாவம் பண்ணுச்சு?”

பாபிர்யே போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடை நடுவே குதித்தாள். “நகாட்டோ! திட்டுறாங்கடி! என்னைத் திட்டுறாங்க!”

“திட்டு வாங்கிட்டு ஆடுறவளை இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றாள் நகாட்டோ. ஆனாலும் சீப்பைக் கீழே போட்டுவிட்டு அவளும் கூட ஆடினாள்.

ஒன்பது பேரிடமும் மன்னிப்புக் கேட்டு மருந்து நாளைச் சொல்லி முடித்த கையோடு நிரல் எழுத உட்கார்ந்தாள். ஐந்தாம் மாதம் இருநூற்று அறுபது வீடுகளுக்கு, அவள் பதிவு செய்து வைத்த குரலிலேயே கணினி போன் செய்தது. முதல் புகார் கக்வாவிடமிருந்துதான்.

“உன் மெஷினுக்கு மரியாதை தெரியலம்மா. எடுத்த எடுப்புல மருந்துங்குது. ராத்திரி நல்லா தூங்கினீங்களான்னு ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

பாபிர்யே அன்று மத்தியானமே குரலை மறுபடி பதிவு செய்தாள். மருந்தைச் சொல்லும் முன் ஆளையும் விசாரித்தாள், குஞ்சுகளையும் விசாரித்தாள்.