வீட்டு சீட்

மூன்றாவது தும்மலும் என்னுடையதுதான். முதல் தும்மல் கேட்டபோது டிபன் கேரியரோடு கதவோரம் நின்றிருந்தேன். வேறு யாராவதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டாவது வந்தது. நான் ஒரு தும்மலோடு நிறுத்தியதே கிடையாது. எப்போதும் மூன்று. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும். வீட்டில் அம்மா அந்த நேரத்தில் "இன்னொண்ணு இருக்கு" என்பாள். முதலாளி அறையில், மேசை மேலிருந்த லேப்டாப்பில், இரண்டு நாளாக ஊர் உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் புதுப் படத்தின் திருட்டுக் காப்பியில், அந்த இடைவெளி ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார். மூன்றாவதும் வந்தது.

"ஒரு மணி ஒன்பது நிமிஷம்," என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த படக் கம்பெனிக்காரர். "இதுக்கு அடுத்து வர்ற குரலைக் கேளுங்க."

கூட்டத்தின் சிரிப்பு அடங்க, மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஓர் ஆணின் தாழ்ந்த குரல் கேட்டது.

"ஏளா, தண்ணி கொண்டாரட்டுமா?"

கம்பெனிக்காரர் நிறுத்தினார். அறையில் ஐந்து பேர் இருந்தோம். அவர், தியேட்டர் முதலாளி சங்கரலிங்கம், படம் ஓட்டும் ஆபரேட்டரான என் அப்பா வெள்ளத்துரை, டிக்கெட் கிழித்து டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைக்கும் தேவதாசன் மாமா, காலையிலிருந்து வீட்டுக்கு வராத அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த நான். அந்தக் குரல் யாருடையது என்று யாரும் யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. முப்பது வருடமாக அலைமகள் தியேட்டரில் இருட்டானதும் கேட்கிற குரல் அது. ஆனாலும் முதலாளி கேட்டார்.

"யாரு கொரலுவே இது?"

தேவதாசன் மாமா வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "தேவதாசன் கொரலுதான், அண்ணாச்சி."

அப்போதும் அப்பா தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது வெள்ளிக்கிழமை. காலாண்டுப் பரீட்சை அன்று காலையோடு முடிந்தது. பிலோமி என்னோடு பிளஸ் டூ படிக்கிறவள், ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்கிறவள். ஸ்கூல் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரெண்டரை மணி ஷோவுக்குக் கூட்டிப்போ என்று கெஞ்சினாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "நாலு வாரம் பொறுத்தா போன்ல வந்துரும், அதுக்குப் போயி டிக்கெட்டு, பார்க்கிங்கு, பாப்கார்னுன்னு எவளாவது துட்டு அழுவாளா" என்று எப்போதும் என் அப்பா வேலையைக் கேலி செய்கிறவள் அவள்தான். கேட்டால், அம்மாவுக்காக என்றாள். அவள் அம்மா மீன் காயப்போடும் தளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறார். அதற்கு முன்னால் எந்தப் படத்தையும் முதல் நாள் விட்டதில்லை. "ஒரே ஒரு பாட்டுளா. போன்ல எடுத்துட்டுப் போயி காட்டுதேன். வீட்ல டிவில பாத்தா படம் செத்த மாதிரி இருக்காம் அம்மாவுக்கு. ஆளுவ கத்துத சத்தத்தோட வேணுமாம்."

அதில்தான் நான் விழுந்தேன். ஆறு மாதமாக அப்பாவுக்கும் அந்தச் சத்தம்தான் இல்லை. வார நாட்களில் அறுநூறு சீட்டில் பதினோரு பேர், அதிலும் நாலு பேர் ஏசிக்காக வந்து தூங்குகிறவர்கள் என்று அப்பா சாப்பிடும்போது சொல்வார். முதலாளி இடத்தைக் கல்யாண மண்டபம் ஆக்கப்போவதாகப் பேச்சு. இந்தப் படத்துக்குத்தான் ரொம்ப நாள் கழித்து ஹவுஸ்ஃபுல் போர்டைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தார்கள். சத்தம் வேண்டும் என்று ஒருத்தி கட்டிலில் கிடந்து கேட்கிறாள் என்றால் நான் எப்படி இல்லை என்பேன்?

டிக்கெட் இல்லை. நான் அவளை வீட்டு சீட்டில் உட்கார வைத்தேன்.

பால்கனி கடைசி வரிசையில், ஆபரேட்டர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே, முன்னால் தனியாகக் கம்பி போட்ட இரண்டு சீட். அவற்றை ஆன்லைனிலும் விற்க மாட்டார்கள், கவுண்டரிலும் தர மாட்டார்கள். வேலை பார்ப்பவர்களின் வீட்டு ஆட்களுக்கு. அந்தச் சீட்டில் இருப்பவர்கள் மேல் மட்டும் தேவதாசன் மாமா டார்ச் அடிக்க மாட்டார். மற்ற இடத்தில் எவனாவது போனைத் தூக்கினால் போதும், மூணு பேட்டரிக் கட்டை போட்ட டார்ச்சை அவன் மூஞ்சியில் அடித்து, "ஏலே, குடுத்த துட்டுக்கு அங்கன பாரு, மடியில என்ன தேடுத?" என்பார். பால்கனியே சிரிக்கும். ஆனால் வீட்டு ஆள் மேல் வெளிச்சம் அடிப்பது அவருக்கு மரியாதைக் குறைவு. அதனால் அந்தத் தியேட்டரிலேயே வெளிச்சம் விழாத இடம் அது ஒன்றுதான். எனக்குத் தெரியும். பிலோமிக்குச் சொன்னவளும் நான்தான்.

படம் முத்துக் குளிக்கிறவனைப் பற்றி. ஹீரோ கடலுக்குள் போய் மூன்று நிமிடம் சண்டை போட்டு, தலைமுடி கலையாமல் மேலே வந்து, தேங்காய் அளவுக்கு ஒரு முத்தைத் தூக்கிக் காட்டினான். பின்னணியில் அழுகிற இசை. வேறு ஊரில் அழுதிருப்பார்களோ என்னவோ. எங்கள் ஊரில் கீழே இருந்து ஒருவன், "ஏலே, அது சிப்பியா எளநியா?" என்று கத்தினான். இன்னொருவன், "சட்னிக்கு ஆவுமா கேளு!" என்றான். தியேட்டர் குலுங்கியது. நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், சிரித்து முடித்ததும் ஏசிக் காற்றில் தும்மினேன். மூன்று. தேவதாசன் மாமா வந்து குனிந்து கேட்டார். போய்விட்டார்.

பிலோமி போனை முன்னாலிருந்த கம்பிமேல் துப்பட்டாவைச் சுற்றி நிறுத்தியிருந்தாள். முதல் பாட்டு முடிந்தும் அதை இறக்கவில்லை. இடைவேளைக்கு அப்புறமும் துப்பட்டாவுக்குள் அந்தச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. "போதும்ளா," என்றேன். "அம்மாவுக்குளா," என்றாள். அப்புறம் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தெரியாமல் நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை திருட்டுக் காப்பி நெட்டில் வந்துவிட்டது. ஒவ்வொரு தியேட்டருக்கும் அனுப்புகிற படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் உண்டாம். எந்தத் தியேட்டர், எந்தத் தேதி, எந்த ஷோ, எல்லாம் அதில் இருக்குமாம். இத்தனை வருடம் அப்பா வீட்டில் சொல்லாத விஷயம். படத்தின் கீழ் ஓரத்தில் அந்தக் கம்பியும் தெரிந்தது. அதைப் பார்த்ததுமே எந்தச் சீட் என்று முதலாளிக்குப் புரிந்துவிட்டது.

"வீட்டு சீட்டுல யாரு இருந்தா, வெள்ளத்துரை?"

"கூட்டம் அண்ணாச்சி. எவன் ஏறி உக்காந்தானோ. நான் உள்ள மெஷினைப் பாப்பனா, வெளிய பாப்பனா?"

"எவனா? ஏளான்னுல்லா பொம்பளப் பிள்ளையக் கூப்புடுதாரு." முதலாளி தேவதாசன் மாமா பக்கம் திரும்பினார். "யாருவே அந்தப் பிள்ளை?"

சாம்பார் கேரியரிலிருந்து கசிந்து என் பாவாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. தேவதாசன் மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. அவ்வளவு கவனமாகத் திரும்பாமல் இருந்தார்.

"ஞாவம் இல்ல அண்ணாச்சி. தும்முத பிள்ளைய எல்லாத்துக்கும் தண்ணி கேப்பேன்."

"கேமராவுக்குப் பக்கத்துல நின்னு பேசியிருக்காரு," என்றார் கம்பெனிக்காரர். "இவருக்குத் தெரியாம எடுத்திருக்க முடியுமா? மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு சார் இதுக்கு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துடலாம். ஆள் யாருன்னு நீங்க காட்டலைன்னா, இனி எங்க படம் எதுவும் இந்தத் தியேட்டருக்கு வராது."

முதலாளி மாமாவிடம், "டார்ச்சை வச்சிட்டுப் போரும்," என்றார். மாமா டார்ச்சை மேசைமேல் வைத்தார். அது உருண்டது. தானே பிடித்து, உருளாமல் லேப்டாப்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகத் திரேஸ்புரம் போனேன். பிலோமி வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. கட்டிலிலிருந்து அவள் அம்மா, "வாளா இந்து," என்றார். "படத்துக்குப் போனியளாமே, எப்படி இருந்துச்சு? கூட்டமா?"

"நீங்க பாக்கலியா அத்த?"

"எங்கன பாக்க? காட்டுதேன் காட்டுதேன்னா. போனு அவ அண்ணன் இனிகோட்டல்லா இருக்கு. அவன் ரெண்டு நாளா வீடு தங்கல."

நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். யாருக்காக எடுத்ததோ அந்த ஒரு ஆள் பார்க்கவில்லை.

பின்னால் குழாயடியில் பிலோமி குடத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் குழாயை இன்னும் திறந்துவிட்டாள், பேச்சு வீட்டுக்குள் கேட்காதபடி.

"அண்ணன் போன்ளா அது. அவன் நெட்ல ஏத்திட்டான். நான் என்ன செய்ய?"

"தேவதாசன் மாமா மேல நாளைக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறாவ. நீ வந்து சொல்லு."

"எங்க அண்ணனைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லுதியா? நீ உங்க அப்பாவைப் பிடிச்சுக் குடுப்பியா?"

"எங்கப்பா என்ன செஞ்சாரு?"

"அங்கன என்னை உக்கார வச்சது யாரு? அப்படி ஒரு சீட்டு இருக்கதே எனக்குத் தெரியாது. யாரும் கேட்டா அதத்தான் சொல்லுவேன்." குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "நீயும் சும்மாதானளா இருந்த," என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனால் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டாள். நான் வீட்டுக்கு வருவதற்குள் என் நம்பரை பிளாக் செய்திருந்தாள்.

ராத்திரி அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் எதிரே நின்றேன். நான் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லத்தான் நின்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வெள்ளிக்கெழமை நீ பரீட்சை முடிஞ்சு நேரா வீட்டுக்கு வந்துட்ட."

"அப்பா..."

"வீட்டுக்கு வந்துட்ட. தலைவலின்னு படுத்துட்ட. சரியா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மாவுக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைக் காப்பாற்றுகிறார்கள். தெரிகிறது. அடித்திருந்தால், எதுக்குளா இப்படிச் செஞ்ச என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இவ்வளவு பயமாக இருந்திருக்காது. அப்பாவும் தேவதாசன் மாமாவும் இருபது வருடம் ஒரே தூக்குச் சட்டியில் டீ வாங்கிக் குடித்தவர்கள். அப்பா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார், எழுந்தார், கை கழுவினார்.

இப்போது மணி இரண்டேகால். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் சத்தம் மட்டும் கேட்கிறது. அம்மா தூங்கிவிட்டாள். அப்பா கண்ணை மூடியிருக்கிறார், ஆனால் கால் பெருவிரல் ஆடிக்கொண்டே இருக்கிறது. நான் போர்வைக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தக் காப்பியைத் திறந்திருக்கிறேன். கீழே ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். படம் குப்பை, ஆனா சவுண்டுக்காக ரெண்டு தடவை பாத்தேன். அந்த எளநி சொன்ன ஆளு யாருப்பா? இப்படி ஒரு கூட்டத்தோட பாக்கலாம்னா நான் டிக்கெட் எடுத்தே போவேன். கடைசியாக எழுதியவருக்கு எழுநூறு லைக். போன வாரம் அப்பாவிடம் காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒரு மணி ஒன்பது நிமிடத்துக்குத் தள்ளுகிறேன். சிரிப்பு. ஒரு தும்மல். இன்னொன்று. இடைவெளி. மூன்றாவது. பிறகு அவர்.

"ஏளா, தண்ணி கொண்டாரட்டுமா?"

அன்று நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை. அவர் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று இதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அந்த இருட்டில், டார்ச் அடிக்காமல், அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? இயர்போனில் இப்போதுதான் கேட்கிறது. கேட்டுவிட்டு அவர் உடனே நகரவில்லை. பதினொரு விநாடி செருப்புச் சத்தம் இல்லை. பக்கத்திலேயே நிற்கிறார். பதிலுக்காக நிற்கிறார். அப்புறம்தான் ரப்பர் செருப்பு மெல்லப் படியிறங்குகிறது.

மறுபடி பின்னால் தள்ளுகிறேன். மறுபடி கேட்கிறார், மறுபடி நிற்கிறார். பத்து மணிக்கு இன்னும் எட்டு மணி நேரம்கூட இல்லை. அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?