நீச்சல் கட்டணம்

வசூல்காரர் வந்தபோது ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒரு பழைய ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தார். வந்தவர் பேசியதில் பாதி அவர் காதில் விழவில்லை. விழுந்த பாதியில் "கடைசி எச்சரிக்கை" என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

"முதல் தடவை வர்றீங்க, அதுக்குள்ள கடைசியா?" என்று உள்ளிருந்தபடியே கேட்டார்.

"போன்ல சொன்னதெல்லாம் எச்சரிக்கைதான் சார். நீங்க எடுக்கல."

தலையை வெளியே எடுத்துப் பார்த்தார் மெக்கானிக். கழுத்தை இறுக்கும் டை, கக்கத்தில் தோல் பை, பளபளக்கும் ஷூ. முகம் மட்டும் வேலைக்குப் பொருந்தாமல் சாதுவாக இருந்தது. வீட்டின் முன்னறைதான் கடை. கதவு கழற்றிய ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவே உட்கார இடம் தேடிய அந்த மனிதர், கடைசியில் ஒரு கம்ப்ரசர் மேல் உட்கார்ந்தார். பணம் வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்பது அந்த உட்காரலிலேயே தெரிந்தது.

விஷயம் மகள் போன வருடம் படித்த பள்ளிக்கூடத்தின் பாக்கி. மற்ற கட்டணமெல்லாம் கட்டி, மகளை வேறு பள்ளியிலும் சேர்த்தாகிவிட்டது. மிச்சம் நின்றது நீச்சல் பயிற்சிக் கட்டணம். அதைக் கட்டக் கூடாது என்று சொன்னது மெக்கானிக்கின் மனைவி. கடைக்கணக்கையும் மெக்கானிக்கையும் ஒரே கண்டிப்போடு பார்த்துக்கொள்பவள் அவள். பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்தாள்.

"வருஷம் பூரா என் பொண்ணு ஒரு நாள்கூட துண்டு எடுத்துட்டுப் போகல. தலை ஈரமா வீட்டுக்கு வரல. அப்புறம் எந்த நீச்சலுக்குக் காசு?"

"மேடம், அந்த ஸ்கூல்லதான் என் பையனும் படிக்கிறான். நான் முழுசா கட்டிட்டேன். மல்லாக்க, குப்புற, பட்டாம்பூச்சி மாதிரி, எல்லா நீச்சலும் தெரியுங்கிறான்."

மனைவி மகளைக் கூப்பிட்டாள். "ஏய், நீ அந்த ஸ்கூல்ல நீச்சல் அடிச்சியா?"

"அடிச்சேனே. கிளாஸ்ல ரெண்டாவதா வந்தேன்."

வசூல்காரர் முகத்தில் வெற்றிக் களை வந்தது. மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் விடவில்லை.

"நனையாமலா அடிச்ச?"

"நனையறது அடுத்த வருஷம்னு சொன்னாங்கம்மா."

வசூல்காரர் பையைத் திறந்தார், மூடினார். "குழந்தை ஏதோ மாத்திச் சொல்லுது" என்றார். குரலில் பிடிப்பு இல்லை.

"வாங்க, நேர்லயே பார்த்துடலாம்" என்று மெக்கானிக் வேன் சாவியை எடுத்தார்.

டெலிவரிக்குக் கட்டியிருந்த ஃப்ரிட்ஜ் ஒன்று பின்னால் லொடலொடக்க, இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள். வழியெல்லாம் வசூல்காரர் தன் மகன் மூச்சடக்கும் அழகைச் சொல்லிக்கொண்டே வந்தார். மெக்கானிக்குக்குக் கேட்கப் பாவமாக இருந்தது.

நீச்சல் வகுப்பு மாடி ஹாலில் நடந்தது. வரிசையாகப் பெஞ்சுகள். பெஞ்சுக்கு ஒரு பிள்ளை குப்புறப் படுத்துக் கைகளையும் கால்களையும் வீசிக்கொண்டிருந்தது. தலையில் ரப்பர் தொப்பியும் கண்ணில் நீச்சல் கண்ணாடியும் மாட்டிய ஆசிரியர் விசிலோடு நடுவில் நடந்தார். ஒரு பையன் பெஞ்சிலிருந்து தொப்பென்று கீழே விழுந்தான்.

"மூழ்கிட்டான்! பக்கத்துல இருக்கறவங்க தூக்குங்க!" என்று ஆசிரியர் விசில் ஊதினார்.

இரண்டு பேர் பெஞ்சைவிட்டு இறங்காமலேயே, ஒரு கையால் நீந்தியபடி, விழுந்தவனை மேலே இழுத்தார்கள்.

வசூல்காரர் வாசலைத் தாண்டி இரண்டு அடி வைத்தார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் பதறியது. "அப்பா! ஷூவோட உள்ள வராதீங்க! அங்க ஆழம்!"

அவர் பின்வாங்கினார். மகனின் குரலில் இருந்த பயம் நிஜமானது. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மெக்கானிக்குக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அலுவலக அறையில் நிர்வாகி அம்மாள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினாள்.

"தியரி முடிஞ்சாத்தானே சார் பிராக்டிகல்?"

"குளம் எங்கம்மா இருக்கு?" என்றார் வசூல்காரர்.

"வரும். ரசீதை நல்லாப் பாருங்க. நீச்சல்னுதான் போட்டிருக்கோம். தண்ணின்னு எங்கயாவது போட்டிருக்கோமா?"

"ஊரை ஏமாத்தறதைத் தண்ணி காட்டறதும்பாங்க" என்றார் மெக்கானிக். "நீங்க அந்தத் தண்ணியக்கூடக் காட்டலையே!"

அவர் குரல் வரவேற்பறை வரைக்கும் கேட்டது. அங்கே புதிதாகச் சேர்க்க வந்த பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிர்வாகி அம்மாள் சட்டென்று இறங்கி வந்தாள். மெக்கானிக்கின் மகள் பிராக்டிகலுக்கு முன்பே பள்ளியைவிட்டுப் போனதால் அவள் நீச்சல் முழுமை பெறவில்லை. ஆகவே அந்தப் பாக்கி தள்ளுபடி.

"என் பணம்?" என்றார் வசூல்காரர்.

"உங்க பையன் தியரி முழுசாக் கத்துக்கிட்டானே சார். கத்துக்கொடுத்ததை எப்படித் திருப்பி எடுக்கறது?"

வெளியே வந்து வேனில் சாய்ந்தபடி வசூல்காரர் தன் வசூல் கம்பெனிக்குப் போன் போட்டு, தன் பணத்தைப் பள்ளியிடமிருந்து வசூலித்துத் தர முடியுமா என்று கேட்டார். பேசி முடித்ததும் பேந்தப் பேந்த விழித்தார்.

"என்ன சொல்றாங்க?"

"கேஸ் எடுத்துக்கறாங்களாம். கமிஷன் வழக்கம்போலதானாம். கம்பெனி ஆளுன்னு குறைக்க மாட்டாங்களாம்."

"சரி, யாரு வசூலுக்குப் போறது?"

"இந்த ஏரியா என்னோடது சார். என்னைத்தான் போட்டிருக்காங்க."

மறுநாள் காலையிலிருந்து அவர் பள்ளி வரவேற்பறையில் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் வந்து உட்காரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் வணக்கம் சொல்லி, "நான் வசூலுக்கு வந்திருக்கேன். நீங்க?" என்று மட்டும் கேட்டார். யாரிடம் வசூல் என்று அவர்கள் கேட்டால் விரலை நிர்வாகி அறைப் பக்கம் நீட்டுவார். பாதிப் பேர் விண்ணப்பம் வாங்காமலே எழுந்து போனார்கள். மெக்கானிக்கின் மனைவிக்கு இது தெரிந்ததும், தினமும் மதியம் கணவனிடம் ஒரு பிளாஸ்க் டீ கொடுத்தனுப்பினாள்.

"நம்ம பாக்கிதான் போயிடுச்சே, இவருக்கு எதுக்கு டீ?" என்றார் மெக்கானிக்.

"கொண்டுபோங்க. நம்ம வீட்ல உட்கார வேண்டிய மனுஷன் அங்க உட்கார்ந்திருக்காரு."

ஒரு வாரம் தாங்கவில்லை பள்ளிக்கூடம். பணம் கம்பெனிக்கு வந்தது. கம்பெனி கமிஷனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அவருக்குக் கொடுத்தது. திறமையாக வசூலித்ததற்கு அந்தக் கமிஷனில் ஒரு பங்கையும் கொடுத்தது. ஆகமொத்தம் தனக்கு லாபமா நஷ்டமா என்று மெக்கானிக்கின் கடையில் உட்கார்ந்து அவர் நெடுநேரம் யோசித்தார். மெக்கானிக்கும் கூடச் சேர்ந்து யோசித்தார். இருவருக்கும் பிடிபடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் பொது நீச்சல் குளத்துக்குப் போனது. அன்றும் டையோடுதான் வந்திருந்தார் வசூல்காரர். பிள்ளைகள் இருவரையும் கரையில் நிறுத்திக் கையை வீசச் சொல்லிப் பார்த்த பயிற்சியாளர் அசந்துபோனார். "இவ்வளவு சுத்தமா யாரு கத்துக்கொடுத்தது?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

"ரெண்டு பேருக்கும் முன்பணம் கட்டிடுங்க சார்."

மெக்கானிக் பர்ஸை எடுத்தார். வசூல்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். கரையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, குளத்துக்குள் கையை விட்டார். கொஞ்ச நேரம் அளைந்தார். பிறகு நிமிர்ந்து மெக்கானிக்கைப் பார்த்தார்.

"இருக்கு சார். கட்டலாம்."