முன்வாசல் நத்தை

கங்காதர நெல்லூர்ப் பக்கம் மானம் கிலோ முன்னூறு ரூபாய். ஓட்டோடு எடுத்தால்தான் அந்த விலை. வேகவைத்து, ஓடு நீக்கி, கழுவிக் கொடுத்தால் அறுநூறு. பேரம் கிடையாது. தார் ரோட்டைப் பார்த்தபடி சிவசங்கரி மாட்டியிருந்த தகரப் பலகையில், மேலே தெலுங்கிலும் கீழே தமிழிலும், ‘நத்தைப் பண்ணை’ என்றுதான் எழுதியிருந்தது. மானம் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் விலை முழுக்க அதற்குத்தான்.

ஏனென்றால் அந்த ஊரில் நத்தை ஒருநாளும் விற்பனைக்கு இருந்ததில்லை. காலனிக்காரர்கள் வயலில் பொறுக்கித் தின்பார்கள். ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவருக்கு மூலம் வந்துவிட்டால் மட்டும் நத்தை மருந்தாகிவிடும். அப்போதும் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘அது கொஞ்சம் வேணும்’ என்று ஆள் வரும். சிவசங்கரியின் மாமனார் ரங்கையா, வாழையிலை மூடிய சட்டியோடு விடியுமுன் போய்ப் புழக்கடையில் வைத்துவிட்டுத் திரும்புவார். மருந்துக்குக் காசு வாங்கினால் பலிக்காது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைச் சட்டி சுமந்தவர்கள் போட்டதாகத் தெரியவில்லை. ரங்கையா தன் காலத்தில் நூறு பேரையாவது வலியில்லாமல் உட்கார வைத்திருப்பார். அவரை உட்காரச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

இப்போது வயலெல்லாம் மருந்தடித்து நத்தை அற்றுப்போயிருந்தது. மூலம் மட்டும் அற்றுப்போகவில்லை. வியாபாரத்துக்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று சிவசங்கரிக்குத் தோன்றியது. மாமனாருக்கு அரசு கொடுத்த நாற்பது சென்ட் நிலம் இருந்தது. மகளிர் குழுவில் நாற்பதாயிரம் கடன் எடுத்தாள். கிணற்றுக்குப் போடும் சிமெண்டு உறை பத்து வாங்கிப் புதைத்து, பாதிவரை வயல்சேறு நிரப்பித் தண்ணீர் விட்டாள். வடமாலபேட்டைப் பக்கத்து ஏரியில் பிடித்த நத்தைகளை உறைக்கு இருநூறு வீதம் விட்டாள். பப்பாளி இலை, சித்தூர் மார்க்கெட்டில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலை, ஓடு கெட்டிப்பட ஓட்டல்காரர் கொடுத்த முட்டை ஓட்டுத்தூள். தின்றுவிட்டு அவை கண்ணாடிமேல் போவதுபோல நகர்வதைப் பார்த்தால் அவளுக்கே சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

பலகை மாட்டிய நான்காம் நாள் ஜெகநாதன் வந்தார். பக்கத்து மாந்தோப்பு அவருடையது. அவருடைய போர்வெல் தண்ணீர்தான் ஒரு ரப்பர் குழாய் வழியாக உறைகளுக்கு வந்துகொண்டிருந்தது. மாங்காய் இறக்கும்போது சிவசங்கரியும் புருஷன் சிரஞ்சீவியும் பத்து நாள் கூலியில்லாமல் உழைப்பது அதற்கு வாடகை.

“உக்காருங்கண்ணா,” என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்த ‘அண்ணா’ அவருக்குச் சுருக்கென்றது. ரங்கையா கடைசிவரை அவரைத் தொரை என்றே கூப்பிட்டவர்.

“பரவால்ல, நிக்கறேன். ஏம்மா, மருந்துக்குப் போயி ரேட்டு போடுவாங்களா?”

“மெடிக்கல் ஷாப்புல போட்டுக்கினுதானண்ணா கீறாங்க. உக்காருங்க.”

“உன் மாமன் ஒரு பைசா வாங்கினவன் இல்ல.”

“அதான் அவரு செத்தப்போ ஊட்ல ஒரு பைசா இல்ல. அட, உக்காருங்கண்ணா, சேரு புச்சுதான்.”

ஜெகநாதன் நாற்காலியைப் பார்த்த பார்வையிலேயே வலி எங்கே என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். குரலைத் தணித்தார்.

“பொண்ணுக்கு சம்பந்தம் பேசறோம். திருப்பதிக்காரங்க. இந்த ரோட்லதான் வருவாங்க. தோப்புப் பக்கத்துல இந்த போர்டு எதுக்கு? எடுத்துடு. இருக்கறது அவ்ளோவும் நானே வாங்கிக்கறேன், கிலோ ஐநூறு. இருட்னப்புறம் ஆள் வரும். பின்வாசல்ல குடுத்துடு, போதும்.”

சிரஞ்சீவியின் உதடுகள் பெருக்கல் போட ஆரம்பித்தன.

“முன்னூறுதாண்ணா ரேட்டு,” என்றாள் சிவசங்கரி. “மேல எரநூறு எதுக்கு, பின்வாசலுக்கா? எங்க ஊட்டுக்கு பின்வாசலே வெக்கலியே.”

“தண்ணி என்னுது, தெரியுமில்ல?”

“நிறுத்திக்கோங்க. மாங்காயும் உங்குளுதுதான். நீங்களே எறக்கிக்கோங்க.”

பத்து மணிக்குக் குழாய் இரண்டு முறை இருமி நின்றது.

“நீயெல்லாம் இன்னா பொம்பள?” சிரஞ்சீவி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். “நாப்பதாயிரம்! அத்தினியும் சேத்துல செத்துப்பூடும். பலகைய கயட்டிட்டா இன்னா கொறஞ்சிடும்?”

“பலகைல கைய வெச்சே, உன்னையும் அந்த உறைல எறக்கி எலை போட்டுடுவேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிரவு அவளும் சாப்பிடவில்லை. தெருக்குழாயில் பிடித்துச் சுமந்த தண்ணீர் இரண்டு உறைக்குத்தான் காணும். அந்த இரண்டிலிருந்துதான், கண்ணாடி ஏற்றிய கார்களில் வந்து ஹாரன் அடித்தவர்களுக்கு, இறங்கிவரச் சொல்லி விற்றாள். மற்ற எட்டும் வெயிலில் சுண்டின. ஏரி வற்றினால் நத்தை சேற்றுக்குள் இறங்கி, மூடியை இறுக்கிக்கொண்டு மழைவரை தூங்கும் என்பது காலனியில் எல்லாருக்கும் தெரியும். உறையில் தூங்குமா என்று தெரிந்தவர் யாருமில்லை. செல்போன் வீடியோவில் பண்ணை வைக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அதைச் சொல்லவில்லை.

தண்ணீர் நின்ற பத்தாம் நாள் காலை நாற்றம் லேசாகக் கிளம்பியது. சிவசங்கரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் வறண்ட உறைக்குள் இறங்கினாள். மேல்சேறு பாளம் பாளமாகப் பெயர்ந்தது; அடியில் ஈரம். விரல்விட்டுத் துழாவி ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் நகத்தால் தட்டினாள். வாய் பிளந்ததை வெளியே எறிந்தாள். கதவடைத்துக் கிடந்ததை அதே பள்ளத்தில் திரும்ப வைத்து மூடினாள். மூன்று உறை முடிவதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது.

“எழுது,” என்றாள். சிரஞ்சீவி சாக்கட்டியை எடுத்து, உறையின் வெளிப்பக்கத்தில் எழுதினான்:

மூடினது ஐந்நூற்று ஐம்பத்தொன்று. பிளந்தது நாற்பத்தொன்பது. தோண்ட வேண்டியது இன்னும் ஐந்து உறை.