பெயிண்ட் அடிக்காத வேன்கள்

அய்யாசாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. என்ன செய்யப்போகிறார் என்பதை, செய்து முடிக்கும் வரை யாரிடமும் சொல்லமாட்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்ததையே நிச்சயத்துக்கு முதல் நாள்தான் பெண்ணைப் பெற்றவளுக்குச் சொன்னார் என்று பேச்சு. கேட்டால், "வாய விட்டு வந்தாக் காரியம் வழுக்கிரும்" என்பார். வாலிபத்தில் நரசிபுரம் பக்கம் ஒரு எண்ணெய் மில்லை வாங்க நினைத்தாராம். சந்தோஷம் தாங்காமல் மச்சினனிடம் சொல்லிவிட்டாராம். மறு வாரம் மில் மச்சினன் பேரில் இருந்ததாம். அது கண் திருஷ்டி இல்லை, வெறும் மச்சினன்தான் என்று எடுத்துச் சொல்ல இன்றுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை.

மார்டள்ளி என்ற கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்து, அம்மா பெயரில் 'சாமியாத்தாள் மசாலா' என்று ஆரம்பித்து, ஹெப்பாள் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் சொந்தக் கட்டடம் எழுப்பியவர். அந்தப் பக்கம் போனாலே மல்லி வறுக்கும் வாசனையில் தும்மல் வரும். கம்பெனியின் பெரிய முடிவுகள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை அன்று பூசணிக்காயை உடைத்த பிறகுதான் வெளியே வரும். புளியோகரை என்று அங்கே சொல்கிற புளியோதரைப் பொடி போட ஆரம்பித்ததும் அப்படித்தான். ஊறுகாயை நிறுத்தியதும் அப்படித்தான்.

அந்த ஊறுகாய் விஷயத்தில்தான் சுலோசனாவுக்கு ஆறாத புண். கொள்ளேகாலத்துக்காரி, கம்ப்யூட்டர் செக்ஷனுக்குத் தலைவி. எந்தக் கடையில் எந்த ஊறுகாய் பாட்டில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று சொல்லும் புரோகிராமை ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதினாள். முடித்துவிட்டுப் பூஜைக்குப் போய் நின்றால், பூசணிக்காய் உடைந்தது, "இனிமே ஊறுகாய் போடறதில்ல" என்றார் முதலாளி. கையிலிருந்த பொரிகடலையை அப்படியே மேஜையில் கொட்டிவிட்டு வந்தாள். நெற்றியில் குங்குமத்தோடு அந்தக் கம்ப்யூட்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது. இது நடந்தது தொண்ணூற்று மூன்றில்.

இப்போது தொண்ணூற்று ஆறு. இந்தத் தடவை பேச்சு ஒரு புரோகிராம் அல்ல, முழு ஏற்பாடு. பெரிய மிஷின் ஒன்று, அதோடு இணைத்த ஏழெட்டு திரைகள், வேன்கள் சரக்குப் போடும் ஆயிரக்கணக்கான மளிகைக் கடைகளின் பில்லையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய புரோகிராம். முதலாளியின் மகன் கணேஷ்குமாரின் ஆசை இது. விற்பனை அவன் பொறுப்பு. வெள்ளிக்கிழமை பெங்களூர்க் கம்பெனிக்காரர் வந்து ஆர்டரை வாங்கிக்கொண்டு போவார். ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவள் சுலோசனா. "கம்ப்யூட்டர் உன்ற பொறுப்பு அம்மிணி, நான் அதுல தலையிடமாட்டேன்" என்று அய்யாசாமி பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். தலையிடாமல் இருப்பது பெருந்தன்மை என்று நினைக்கும் முதலாளிகளால் வருகிற கஷ்டம், தலையிடுகிறவர்களால் வருவதைவிடப் பெரிது.

கணேஷ்குமார் தினமும் வந்து நின்றான். "மேடம், பேகா, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க. பட்டனத் தட்டினா கடை பில்லு வரணும். அஷ்டே, வேற ஒண்ணும் வேண்டாம்."

"அவசரப்படாதீங்க சார், வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டர்றேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

சொன்னாளே தவிர, அவளுக்குள்ளும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவளோடு காலேஜில் படித்த ரூபா பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீசில் இருக்கிறாள். ஏசி ரூம், கண்ணாடிக் கதவு, வெளிநாட்டு வேலை. "உனக்கு இடம் பேசி வெச்சிருக்கேன், பூஜைக்குள்ள சரின்னு சொல்லு" என்று போனில் சொல்லியிருந்தாள். இந்த மிஷினும் இன்னொரு ஊறுகாய் ஆகுமென்றால் கிளம்பிவிடுவது என்று சுலோசனா முடிவு செய்திருந்தாள். ஆகாதென்றால் இருப்பது. இதைப் புருஷன் பிரசாந்திடம்கூடச் சொல்லவில்லை. நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை, பஸ்ஸில் போய்வந்து களைத்துக் கிடக்கிற மனுஷன். கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சந்தேகத்தை முதலில் கிளப்பிவிட்டது பெயிண்டர் லிங்கப்பன். தசராவுக்கு முன்னால் சாமியாத்தாள் மசாலாவின் வேன்களுக்கெல்லாம் அவன்தான் மஞ்சள் அடித்து, மிளகாய்ப் படம் போடுவான். வருஷா வருஷம் தவறாது. மஞ்சள் பளபளக்க வேன்கள் வரிசையில் நின்றால்தான் அந்த வாசலில் தசரா வந்ததாக அர்த்தம். இந்த வருஷமும் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்தான். கால்மணி நேரத்தில் அதே டப்பாவோடு திரும்பிப் போனான்.

"இந்த வருஷம் பேடவாம்மா. மொதலாளியே சொல்லிட்டாரு" என்றான், தலையைச் சொறிந்துகொண்டு. வேண்டாம் என்பதை அவன் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்லுவான்.

அய்யாசாமி சிக்கனக்காரர்தான், ஆனால் பூஜைச் செலவில் கை வைக்கிற ஆள் இல்லை. சாமிக்கு வைத்ததில் குறைத்தால் சோற்றில் குறையும் என்று நம்புகிறவர். அப்படிப்பட்டவர் வண்டிக்குப் பெயிண்ட் வேண்டாம் என்றால், அந்த வண்டி அவர் மனசில் ஏற்கெனவே விற்றுப்போய்விட்டது என்று அர்த்தம். சுலோசனாவுக்குப் பொறி தட்டியது.

அதன் பிறகு அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தாள். சின்னப் பாக்கெட் போடும் மிஷின் ஒன்று பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தது, மெக்கானிக்கைக் கூப்பிட்டதாகவே தெரியவில்லை. குடோனில் பெரிய பெரிய தகர டின்கள் வந்து இறங்கின. இதற்கெல்லாம் மேலே, பிரசாந்த் ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொன்ன சேதி.

"சுலோ, உங்க மொதலாளிய இன்னிக்கு நஞ்சன்கூட்டுல ஒரு ஓட்டல்ல பாத்தேன். வடைய ஓரமா ஒதுக்கிவெச்சுட்டு வெறும் சாம்பாரக் குடிச்சிட்டிருந்தார். கண்ண மூடிட்டு. போன வாரமும் வேற ஓட்டல்ல இதே மாதிரி குடிச்சாராம்."

வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனுஷர், வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓட்டல் ஓட்டலாகச் சாம்பார் குடிக்கிறார். சுலோசனாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அடுத்த ஊறுகாய் வந்துகொண்டிருக்கிறது, இந்தத் தடவை அதில் தன் கையெழுத்தும் இருக்கப்போகிறது.

வியாழக்கிழமை காலையில் முதலாளி அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அய்யாசாமி புது மிளகாயைக் கிள்ளி முகர்ந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, அடுத்த மூணு வருஷத்துல நம்ம கம்பெனி என்னங்க பண்ணப்போகுது?"

"மசாலா அரைக்கப்போகுது."

"யாருக்குங்க?"

"திங்கறவங்களுக்கு."

"அதத் தெளிவாச் சொன்னாத்தானுங்க மிஷின் வாங்க முடியும்."

"கம்ப்யூட்டர்னா எதுக்கு வேணாலும் ஆகும்னு நீதான சொன்னே? லாரி மாதிரி. இன்னிக்கு மொளகா ஏத்தலாம், நாளைக்கு மல்லி ஏத்தலாம்."

"லாரி இல்லீங்க, மில்லு. மொளகா அரைச்ச மில்லுல காப்பிக்கொட்டை அரைப்பீங்களா?"

அய்யாசாமி மிளகாயைக் கீழே வைத்தார். மில்லைப் பற்றி அவரிடம் யாரும் தப்பாகப் பேச முடியாது, சரியாகப் பேசினால் மறுக்கவும் மாட்டார். ஆனாலும் தலையை ஆட்டினார். "பூஜைக்கு முன்னால சொல்லமாட்டேன் அம்மிணி. சொன்னா வழுக்கிரும். உனக்குத் தெரியாததா?"

"நீங்க சொல்ல வேண்டாமுங்க. நான் சொல்றேன். சரியா இருந்தா வாயத் தொறக்காதீங்க. தப்பா இருந்தா மட்டும் தப்புன்னு சொல்லுங்க. உங்க வாயிலருந்து ஒரு சொல்லு வராது. அப்பறம் எங்கிருந்துங்க வழுக்கும்?"

அவர் அதில் ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"வேனெல்லாம் விக்கப்போறீங்க."

கீழே வைத்த மிளகாயை எடுத்து மறுபடி முகர்ந்தார்.

"கடை கடையா பாக்கெட் போடறத விடப்போறீங்க. பெரிய கம்பெனிக்காரங்க பளபளன்னு பாக்கெட்டோட வந்துட்டாங்க. கடைக்காரர் அவங்களத்தான் கண்ணுக்கு நேரா வெக்கறார், நம்மளக் கீழ்த் தட்டுல தள்ளறார். அவங்களோட மல்லுக்கட்டறதுல அர்த்தமில்லன்னு நெனச்சுட்டீங்க."

மேலே சுற்றும் ஃபேனை அவர் ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"இனிமே ஓட்டல், ஹாஸ்டல், ஃபேக்டரி கேண்டீன். பெரிய டின். அவங்கவங்க சாம்பாரு என்ன ருசியோ, அந்த ருசிக்கே அரைச்சுக் குடுக்கப்போறீங்க. அதுக்குத்தான் ஊரெல்லாம் சாம்பார் குடிச்சிட்டுத் திரியறீங்க."

"யாரு சொன்னது?"

"வாயத் தொறந்துட்டீங்களே. அப்பத் தப்புங்களா?"

படக்கென்று மூடிக்கொண்டார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. சுலோசனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தான் நினைத்தது அத்தனையும் சரி. இனி எவன் வந்து நின்றாலும் அந்த ஆர்டரில் கையெழுத்துப் போட வைக்க முடியாது.

"அப்ப, கடை பில்லு போடற மிஷின் நமக்கு எதுக்குங்க? வாங்கின மறுநாளே அதுக்குக் குங்குமம் வெச்சு மூலைல ஒக்கார வெக்கோணும். நமக்கு வேண்டியது வேற. எந்த ஓட்டலுக்கு எது எவ்வளவு போடோணும், எந்த மூட்டை மொளகா எந்த அரைப்புல போச்சு, அடுத்த லோடு எப்போ. ருசி மாறினா எதனால மாறுச்சுன்னு அன்னிக்கே தெரியோணும். அதுக்குத் தக்கன சின்ன மிஷினா வாங்கிக்கலாம். என்ற செக்ஷன்ல ரெண்டு பேர் இருந்தாப் போதும்."

"தப்பு."

சுலோசனா திடுக்கிட்டுப் போனாள். "எதுங்க தப்பு?"

"ரெண்டு பேர் போதும்னியே, அது தப்பு." ஒரு தடவை கதவு திறந்துவிட்டால் அய்யாசாமிக்கு அப்புறம் மூடத் தெரியாது. எழுந்தேவிட்டார். "ஊருல இருக்கற ருசியெல்லாம் நம்மகிட்ட வந்து சேரப்போகுது அம்மிணி. அத ஒருத்தன் நாக்குல வெக்க முடியுமா? நாளைக்கு அவன் மொறச்சுட்டுப் போனா ருசியும் போச்சு. மிஷின்லதான் இருக்கோணும். அந்த மிஷின் உன்ற கையில இருக்கோணும். மொளகா வாங்கறது, அரைக்கறது, அனுப்பறது, எல்லாம் உன்னக் கேட்டுத்தான் நடக்கோணும். கணேசன் வெளிய போயி ஓட்டல் புடிக்கட்டும். உள்ள இருந்து கம்பெனிய நடத்தறது நீ. ரெண்டு வருஷமா இதத்தான் மனசுக்குள்ள அரைச்சிட்டிருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டது உறைத்தது. வாயில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். "போச்சு போ. எல்லாஞ் சொல்லிட்டேன்."

சுலோசனாவுக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் கூடவே அதைவிட வேகமாகக் கோபமும் வெட்கமும் வந்தன. இரண்டு வருஷமாக ஒரு மனுஷர் தன்னை அஸ்திவாரமாக வைத்து ஒரு கம்பெனியையே கட்டிக்கொண்டிருக்கிறார், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானோ அந்த அஸ்திவாரத்தை அப்படியே உருவி எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த லட்சணத்தில் சொல்லாததற்காக அவரை மடக்க வந்திருக்கிறாள்.

மறைத்து வைக்க அவளுக்கு இனி முகம் இல்லை. ரூபா கூப்பிட்டதை, பூஜைக்குள் பதில் சொல்ல வேண்டியதை, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

அய்யாசாமி மெதுவாக உட்கார்ந்தார். திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு ஊறுகாயை எடுத்திருப்பாள். அவர் திட்டவில்லை. ஜன்னல் வழியே, மஞ்சள் மங்கிப்போய் நிற்கிற வேன்களைப் பார்த்தார்.

"இது தெரிஞ்சிருந்தா லிங்கப்பனத் திருப்பி அனுப்பியிருக்கமாட்டனே அம்மிணி" என்றார்.

அவ்வளவுதான். அவள் இல்லையென்றால் அந்த யோசனையும் இல்லை, வேன்கள் பெயிண்ட் அடித்துக்கொண்டு பழைய வழியிலேயே ஓடிக்கொண்டிருக்கும் என்கிறார். சுலோசனாவின் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"ஏன் சொல்லல?" என்றார்.

"கைக்கு வந்த பொறகு சொல்லலாம்னுதானுங்க..." என்று ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை. அது அவர் எப்போதும் சொல்கிற பேச்சு.

அவருக்கும் அது புரிந்தது போலிருக்கிறது, மீசைக்குள் லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இப்பச் சொல்லு. லிங்கப்பன வரச்சொல்லட்டுமா, வேண்டாமா?"

அவள் கண்ணாடிக் கதவை நினைத்துப் பார்த்தாள். அங்கே யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு, அது எதற்கென்றே தெரியாமல், கொடுத்ததை எழுதிக்கொடுப்பாள். நன்றாகவே எழுதுவாள், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எதை எழுதுவது என்று தீர்மானிக்கிற இடம் இங்கேதான் இருக்கிறது, மிளகாய் நெடியோடு, இந்த மேஜைக்கு இந்தப் பக்கம். அதைச் செய்யத் தன்னால் முடியுமா என்று அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. முடியும் என்று தெரியும்.

"வேண்டாமுங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. அடுத்த யோசனை வர்றப்போ பூசணிக்கா ஒடைக்கறதுக்கு முன்னாலயே எனக்குச் சொல்லோணும். ஒடைச்ச பொறகு இல்ல."

"நீயும் சொல்லோணும்" என்றார் அய்யாசாமி.

மேஜையிலிருந்த டெலிபோனை அவள் பக்கம் நகர்த்தினார். ரூபாவுக்குப் போடச் சொல்கிறார். சுலோசனா ரிசீவரைக் கையில் எடுத்தாள். ஆனால் பெங்களூருக்குப் போடவில்லை. ரூபா இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம், இதையெல்லாம் இன்னும் கேள்விப்படாத மனுஷர் ஒருத்தர் வீட்டிலேயே இருக்கிறார். நஞ்சன்கூட்டு ஃபேக்டரியின் எண்ணைச் சுழற்றி, பிரசாந்தைக் கூப்பிடச் சொன்னாள்.

அவள் காத்திருந்தபோது அய்யாசாமி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். "டேய் கணேசா, இங்க வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்று கூப்பிட்டார். ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.