அம்மாவின் பதில் முந்திக்கொண்டது

என் முதல் படத்தை ஒலியெல்லாம் சேர்த்து முழுதாகத் திரையில் பார்த்த அன்று காலை, அது என் படமாக இல்லை. அன்று மாலைக்குள் அதை விநியோகஸ்தர் அலுவலகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல, முதலில் படத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

பூமியை விட்டு வெகுதூரம் போய்விட்ட ஒரு விண்கலம். அதில் ஒரே ஒரு பெண். கலத்தைப் பழுது பார்த்துக்கொண்டே போவதுதான் அவள் வேலை. வீட்டில் அம்மா. அம்மா படத்தில் வரமாட்டாள், குரல் மட்டும் வரும். மகள் பேசியது அம்மாவைச் சேர அரை மணி நேரம் ஆகும். அம்மா பேசியது மகளைச் சேர இன்னொரு அரை மணி நேரம். ஆகையால் மகள் ஒன்றைக் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அடுத்ததையும் கேட்டு முடித்த பிறகுதான் முந்தையதற்குப் பதில் வரும். "அங்க மழையா?" என்று கேட்டிருப்பாள். "முதுகுவலி இப்ப பரவாயில்ல" என்று அம்மாவின் குரல் வரும். கடைசியில் மகள், "நான் கிளம்புறப்ப வாசலுக்கு ஏன் வரல? கோபமா?" என்று கேட்டுவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆன்டெனாவைச் சரிசெய்ய வெளியே போவாள். திரும்பி வருவாளா என்பது தெரியாது. ஆள் இல்லாத அறைக்கு அம்மாவின் பதில் வந்து சேரும். அந்த அறைக்காகத்தான் மொத்தப் படத்தையும் எடுத்தேன்.

தயாரிப்பாளர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். குளியலறை டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். விண்கலத்தின் உட்சுவர் முழுக்க அவர் கடையில் விலைபோகாமல் கிடந்த வெள்ளை டைல்ஸ்தான். "வானத்துக்கே போனாலும் வழுக்காத டைல்ஸ்" என்று படப்பிடிப்புக்கு வந்தபோதெல்லாம் சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். மிதப்பதற்குக் கயிறு கட்ட வசதி இல்லாததால் எங்கள் கலத்தில் எல்லோரும் தரையில்தான் நடந்தார்கள்.

காலைக் காட்சிக்கு அந்தச் சின்னத் திரையரங்கில் மூன்றே பேர்: அத்தான், அக்கா, நான். ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது, அதன் கீழே ஒரு வாளி. ஒலிக்கலவை நடந்த நாட்களில் நான் அங்கே இல்லை. நட்சத்திரங்களின் நிறத்துக்காக வேறொரு கட்டடத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரலோடு சேர்த்து நானும் அன்றுதான் முதன்முறை பார்க்கிறேன்.

மகள் கேட்டாள், "முதுகுவலி எப்படி இருக்கு?"

"முதுகுவலி இப்ப பரவாயில்ல" என்றாள் அம்மா, உடனே, பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல.

ஏதோ ஒரு இடத்தில் தவறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த கேள்விக்கும் பதில் உடனே வந்தது. அதற்கடுத்ததற்கும். கோடிக்கணக்கான மைல் தாண்டி இரண்டு பேர் போனில் குடும்ப விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்து நிறுத்தச் சொல்லலாம் என்று திரும்பினால், அத்தான் முன்சீட்டில் கையூன்றிக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவர் என் படத்தின் ஒரு துண்டைக்கூடக் கொட்டாவி இல்லாமல் பார்த்ததில்லை.

கடைசிக் காட்சி வந்தது. "கோபமா?" என்று மகள் கேட்ட மறு நொடி அம்மா சொன்னாள்: "கோபம் எல்லாம் இல்ல. வாசலுக்கு வந்தா போகாதேன்னு சொல்லிடுவேன். அதான் உள்ளயே இருந்துட்டேன்." திரையில் மகள் கண்ணை மூடித் திறந்தாள். அன்று படப்பிடிப்பில் விளக்கு கண்ணில் அடித்ததால் மூடிய கண் அது. இப்போது அம்மா சொன்னதைக் கேட்டு மூடியதுபோல் இருந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆள் இல்லாத அறையில் ஏதோ வயலின் இசை ஒலித்துக்கொண்டிருந்தது.

விளக்குப் போட்டதும் அத்தான் என் தோளைத் தட்டினார். "இப்பத்தான்டா மாப்ள இது படம் மாதிரி இருக்கு. நானும் என்னமோன்னு பயந்துட்டிருந்தேன்."

"அத்தான், இது தப்பு. பதில் எல்லாம் இடம் மாறிக் கிடக்கு."

"எங்க மாறிச்சு? அவ கேக்குறா, இவ சொல்றா. வேற எப்படிப் பேசுவாங்க?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நல்லாத்தான்டா இருக்கு. நீ எதையாவது நோண்டிக் கெடுத்துடாத" என்றாள்.

பத்து வயதில் நான் வானொலிப் பெட்டியைப் பிரித்துப் போட்டபோதும் இதையேதான் சொன்னாள். என் படத்தை யாரோ கெடுத்திருக்கிறார்கள். கெட்டதுதான் நன்றாக இருக்கிறது என்கிறது வீடு.

ஒலிக்கூடம் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒலிப்பதிவாளரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த தெருவில் குண்டூசி விழுந்தாலும் எந்தக் கம்பெனி ஊசி என்று சொல்வாராம். நான் போனபோது வடையோ ரொட்டியோ இல்லாத வெறும் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"படம் பாத்தாச்சா? எப்படி?" என்றார், பாராட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக.

"அம்மா குரலை யார் நகர்த்தினது?"

"நான்தான். உங்க உதவியாளர் அடுக்கிக் குடுத்ததுல ஒரு வரி நழுவிப்போச்சு. மூணாவது கேள்விக்கு நேரா ரெண்டாவது பதில். அப்படியே கடைசி வரைக்கும் தப்பு. இந்தத் தொழில்ல இது சகஜம். ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொண்ணா இழுத்துச் சரி பண்ணினேன். உங்ககிட்ட சொல்லிக் காட்ட வேண்டாம்னு விட்டேன்."

"அது நழுவல. அப்படித்தான் இருக்கணும். குரல் போய்ச் சேர நேரம் ஆகும்."

காது டீயைக் கீழே வைத்தார். "எங்க போய்ச் சேர?"

விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். "சரி, இது படத்துல எங்க வருது?"

"படம் முழுக்க அதான்."

"இல்ல தம்பி, யாராவது சொல்றாங்களா? ஒரு எழுத்துப் போடுறீங்களா? ஒரு கடிகாரத்தைக் காட்டுறீங்களா? நான் இந்தப் படத்தை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டித் தேய்ச்சவன். எனக்கே தெரியலயே."

கதை எழுதிய தாளில் முதல் பக்கத்திலேயே அது இருந்தது. அதைச் சொல்ல ஒரு வசனம்கூட எழுதியிருந்தேன். விளக்கம் சொல்வதெல்லாம் பாடப்புத்தகத்தின் வேலை, நான் ரசிகனை மதிப்பவன் என்று சொல்லி அந்த வசனத்தைப் படமாக்கும் முன்பே வெட்டினவன் நானே. பிறகு அம்மாவின் குரல் இல்லாமலே படத்தை நூறு தடவை பார்த்தேன். எனக்குத் தெரியும் என்பதால் ஒவ்வொரு தடவையும் புரிந்தது.

"பழையபடி மாத்திடுங்க" என்றேன்.

"பழசு இல்ல. அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டீங்களா?"

"தப்பை யாராவது பத்திரப்படுத்தி வைப்பாங்களா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் செய்தது தொழில் சுத்தம். அத்தானுக்குப் போன் போட்டேன். பதில்களை எல்லாம் திரும்பத் தள்ளிவைக்கப் போகிறேன் என்றேன்.

"புரியாத மாதிரி ஆக்கப்போற."

"புரியிற மாதிரி தள்ளி வைக்கிறேன்."

"இங்க பாரு, கடைசி ஒண்ணை வேணா உன் இஷ்டத்துக்கு வச்சுக்கோ. அந்தக் காலி ரூம். மத்தது எல்லாம் காலையில பாத்த மாதிரியே இருக்கட்டும். பெரிய மனசு பண்ணித்தான் சொல்றேன்."

"மத்ததெல்லாம் உடனே வந்துட்டு கடைசி மட்டும் லேட்டா வந்தா, லைன் கோளாறுன்னு நினைப்பாங்க அத்தான்."

"அப்ப காலையில பாத்ததுதான் போகுது. சாயங்காலம் நானும் உங்கக்காவும் வருவோம். எனக்குப் புரிஞ்சா உன்னுது. புரியலைன்னா அந்தக் காது பண்ணினது." போனை வைத்துவிட்டார்.

ஆக, ஒரு வசனம் வேண்டும். ஆனால் எடுத்து முடித்த படத்தில் புதிதாக வசனம் சேர்க்க, பேசுபவரின் வாய் தெரியாத இடம் வேண்டும். நானும் காதும் ஓட்டிப் பார்த்தோம். என் ஒளிப்பதிவாளர் அந்தப் பெண்ணின் முகத்தை அவ்வளவு ஆசையாக எடுத்திருந்தார். எங்கே பார்த்தாலும் வாய். ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. படம் தொடங்கிச் சற்று நேரத்தில் அவள் முதுகைக் காட்டி நின்று சுவரைத் துடைப்பாள். அந்தக் காட்சியும் டைல்ஸ் பளபளக்கட்டும் என்று அத்தான் வற்புறுத்தி வைத்தது.

நடிகை பக்கத்துத் தெருவில் ஒரு டிவி தொடரின் படப்பிடிப்பில் இருந்தாள். மதிய இடைவேளையில் போலீஸ் உடுப்போடு வந்தாள், நெற்றியில் ஒப்பனைக் காயத்தோடு.

"அரை மணிதான் இருக்கு. அதுக்குள்ள நான் போய் ஒருத்தனை அறையணும்" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் என்னைப் பார்த்த பார்வையில், அறை வாங்கப் போகிறவன் நானோ என்று தோன்றியது. "ஷூட்டிங்ல நான் கேட்டேனா இல்லையா? கேள்விக்கு ஏன் பதில் வரல, அம்மா என்ன செவிடான்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"'ஃபீல் பண்ணுங்க'ன்னீங்க."

காது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நான் எழுதிய வசனத்தைப் படித்தாள். ஒளியின் வேகம், தொலைவு, தனிமை எல்லாம் அதில் இருந்தது. "இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சுவர் தேஞ்சுடும்" என்றாள். சுருக்கினேன். "இன்னும் பாடம் நடத்துறீங்க." மறுபடி எழுதினேன். அவள் காகிதத்தை என்னிடமே தந்துவிட்டு, மைக் முன்னால் போய் நின்று, திரையில் தன் முதுகைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னாள்:

"நான் கேட்டது அம்மாவுக்குப் போய்ச் சேர அரை மணி. பதில் வர இன்னொரு அரை மணி. அதுக்குள்ள இந்தச் சுவரைத் துடைச்சுடலாம்."

காது கட்டை விரலை உயர்த்தினார். அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வருடம் நான் சொல்லாமல் விட்டதை மூன்று வரியில் முடித்துவிட்டுப் போனாளே என்று எரிச்சலாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. எது அதிகம் என்று பார்க்க நேரமில்லை.

பதில்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளினோம். ஒன்றை நகர்த்தினால் கீழே இருக்கும் இசை பல்லிளித்தது. "இதான் நான் சொன்னேன், அழகா உக்காந்திருந்துச்சு" என்று ஒவ்வொரு முறையும் காது முணுமுணுத்தார். ஆள் இல்லாத அறைக்கு வந்ததும் வயலினை எடுத்துவிடச் சொன்னேன். மறுக்காமல் எடுத்தார். அவர் நாள் முழுக்கத் தகராறு செய்யாத ஒரே இடம் அதுதான்.

மாலையில் அதே திரையரங்கு. வாளி நிறைந்திருந்தது. அத்தான் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரைத் துடைக்கும் வசனம் வந்தபோது அவர் சிரித்தார். அது டைல்ஸுக்காகச் சிரித்த சிரிப்பு. "அங்க மழையா?" என்று மகள் கேட்டாள். "முதுகுவலி இப்ப பரவாயில்ல" என்றாள் அம்மா. அத்தான் நிமிர்ந்தார். பிறகு அக்காவின் பக்கம் சாய்ந்தார்.

"இது முன்னாடி கேட்டதுக்குப் பதில்" என்று அவளுக்கு விளக்கினார்.

"எனக்குத் தெரியாதா? பேசாம பாருங்க" என்றாள் அக்கா.

அடுத்த பதிலுக்கும் விளக்கினார். அதற்கடுத்ததற்கும். தானே கண்டுபிடித்ததுபோல் அவ்வளவு உற்சாகம். படத்தை எடுத்த என்னிடமே ஒரு தடவை திரும்பி, "இதுக்கு இப்ப வராது பாரு" என்றார்.

கடைசிக் காட்சி. "கோபமா?" என்று கேட்டுவிட்டு மகள் கண்ணை மூடித் திறந்தாள். விளக்கு கூசியதால் மூடிய கண், விளக்கு கூசிய கண்ணாகவே இருந்தது. ஹெல்மெட்டை மாட்டினாள். போனாள். அறை. வெள்ளைச் சுவர். அம்மா சொன்னாள், "கோபம் எல்லாம் இல்ல. வாசலுக்கு வந்தா போகாதேன்னு சொல்லிடுவேன். அதான் உள்ளயே இருந்துட்டேன்."

அத்தான் இந்த முறை விளக்கவில்லை.

விளக்குப் போட்டதும் அக்காவைப் பார்த்தேன். அழவில்லை. காலையில் அழுதவள் இப்போது கோபமாக இருந்தாள்.

"அவ எவ்வளவு தூரம் போயிருப்பா?" என்றாள்.

"யாரு?"

"அந்தப் பொண்ணு. அம்மா பேசுறப்ப."

"ஆன்டெனா கலத்துக்கு மேலதான் இருக்கு. அங்கதான் இருப்பா."

"கூப்பிடு தூரம்தான்."

"ஆமா. ஆனா கூப்பிட அங்க யாரும் இல்லயே அக்கா."

"அதைத்தான்டா நானும் கேக்குறேன்" என்றாள். "ஒரு ஆளை வச்சிருக்கக் கூடாதா? இவ்வளவு செலவு பண்ணியிருக்கு, கூட ஒரு ஆளு, ஒரு நிமிஷம் அவளைக் கூப்பிட?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அத்தான் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எதைம்மா அனுப்பச் சொல்ற? காலையில பாத்ததா, இதா?"

அக்கா கதவருகில் நின்றாள். "இதையே அனுப்புங்க. ஆனா ரிலீஸ் அன்னைக்கு என்னைக் கூப்பிடாதீங்க. இன்னொரு தடவ நான் இதைப் பாக்க மாட்டேன்."

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. அத்தான் விநியோகஸ்தர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, படம் கிளம்புகிறது என்றார். நான் அவள் பின்னால் ஓடினேன். கீழே தெருவில் அவள் ஏற்கெனவே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டும் ஓட்டுநரிடம், "போங்க" என்றாள்.